இருப்பது ஒரு கட்டுரை, கூப்பிடுவது நாலு மாநாடு

ஹட்டன் பக்கத்துப் பிள்ளை ஒருவர் கொழும்பில் முதுதத்துவமாணிக்குப் படிக்கிறார். தோட்டத்துத் துண்டு முறை பற்றி ஒரு கட்டுரை எழுதி வைத்திருக்கிறார். போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்: "அண்ணா, எந்த மாநாட்டுக்கு அனுப்புறது? சேர் உலக மாநாட்டுக்கே போடுங்க என்கிறார், அம்மா இந்தியா வரைக்கும்தான் விடுவேன் என்கிறாங்க, கூடப் படிக்கிறவங்க இங்கேயே ஒன்றில் வாசிச்சு சேர்ட்டிபிகேட் எடு, காணும் என்கிறாங்க." அன்றைக்குப் பாதிதான் பதில் சொன்னேன், ரீ ஆறிவிட்டது, பஸ்ஸும் வந்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு பொருளாதார வரலாறு, தோட்டத் தொழிலாளர் வரலாறு, செட்டிமார் வட்டித்தொழில் என்று கொப்பி நிறையக் குறிப்போடு திரியும் வேறு சிலரும் இருக்கிறார்கள் என்று தெரியும்.

துண்டு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கங்காணி, அதாவது தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து வேலை வாங்குகிறவர், தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால், இருக்கிற தோட்டத்துத் துரை, அதாவது தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரர், ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்: இவர்கள் தரவேண்டிய இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இத்தனை பேரையும் விடுகிறேன் என்று. அந்தத் தாளை வைத்துக்கொண்டு கங்காணி தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குவார். ஆள் பற்றாக்குறையில் இருக்கும் ஒரு துரை கடனைக் கட்டி எடுத்துக்கொள்வார், மேலே கொஞ்சம் முற்பணமும் கொடுப்பார், அதுவும் கடனில் சேரும். இப்படி ஒவ்வொரு முறை மாறும்போதும் தொகை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் 1921ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தோடு துண்டை ஒழித்தார்கள். துரைமாரின் ஆங்கில அறிக்கைகளில்கூட அது 'துண்டு' என்ற தமிழ்ச் சொல்லாகவே கிடக்கிறது, அவர்களுக்கு வேறு பெயர் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

பிள்ளையின் கையில் இருப்பது இவ்வளவுதான்: தேசிய சுவடிக்கூடத்தில் பென்சிலால் எடுத்த நாலு கொப்பிக் குறிப்பு, அரசாங்க நிர்வாக அறிக்கைகள் சில, ஒரு தோட்டத்தின் மூன்று வருடக் கணக்குப் புத்தகத்தின் படப்பிரதி. நல்ல சரக்குதான், ஆனால் இன்னும் பச்சை. மாநாட்டை ஒப்பிடுவதற்கு முன்னால் கட்டுரை எவ்வளவு பழுத்திருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். எந்த ஊர், எவ்வளவு பெரிய மண்டபம், யார் தலைமை என்பதெல்லாம் பிறகு. அந்தக் கட்டுரைக்கு இப்போது என்ன கேள்வி தேவை, அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய ஆள் எந்த அறையில் உட்கார்ந்திருப்பார், இதை முதலில் யோசியுங்கள்.

சேர் சொன்ன உலக மாநாட்டிலிருந்து தொடங்குவோம். சர்வதேசப் பொருளாதார வரலாற்றுச் சங்கம் நடத்துவது, முதலாவது 1960இல் ஸ்டொக்ஹோமில் நடந்தது. இப்போது மூன்று வருடத்துக்கு ஒரு தடவை: 2015இல் கியோட்டோ, 2018இல் பொஸ்டன், 2021இல் பாரிஸ் என்று இருந்தது கொரோனாவால் 2022க்குத் தள்ளிப்போனது, 2025இல் சுவீடனின் லுண்ட். பெயரைக் கேட்டாலே பல்கலைக்கழகத்தில் ஒரு மரியாதை வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் அது நடக்கும் முறை நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. தனி ஆளாக ஒரு சுருக்கத்தை எழுதி நேரே அனுப்பிவிட்டுக் காத்திருக்கிற மாநாடு இல்லை அது. முதலில் அமர்வுகளுக்குத்தான் அழைப்பு விடுவார்கள். நாலைந்து நாட்டு ஆட்கள் சேர்ந்து 'தோட்டத் தொழிலும் கடனும்' என்பது மாதிரி ஒரு அமர்வை முன்வைப்பார்கள், அது ஏற்றுக்கொள்ளப்பட்டபிறகு அந்த அமைப்பாளர்கள் கட்டுரை தேடுவார்கள். நாம் போய்ச் சேரவேண்டியது அந்த அமைப்பாளரிடம். யாரென்று தெரியாத ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதி, நான் கொழும்பிலிருந்து இப்படி ஒன்று வைத்திருக்கிறேன், உங்கள் அமர்வில் இடமுண்டா என்று கேட்கிற துணிச்சல் வேண்டும். கேட்டால் பெரும்பாலும் மரியாதையாகவே பதில் வரும், இலங்கையிலிருந்து எழுதுகிறவர்கள் குறைவு என்பதால் அது நமக்குச் சாதகமும்கூட.

அங்கே கிடைப்பது ஒப்பீடு. மலாயாவிலும் கங்காணி இருந்தார், அசாமில் ஒப்பந்தக் கூலி, பிஜியிலும் தென்னாபிரிக்காவின் நேட்டாலிலும் ஐந்து வருட ஒப்பந்தம். இலங்கையில் அப்படி நீண்டகால ஒப்பந்தம் இல்லாமலே எப்படி ஆளைப் பிடித்து வைத்தார்கள் என்று யாராவது கேட்பார்கள், அந்தக் கேள்வி கட்டுரையைத் தூக்கி வேறு தளத்தில் வைத்துவிடும். ஆனால் கையிலிருக்கிற மூன்று வருடத் தோட்டக் கணக்கையே முற்றாக விளங்கிக்கொள்ளாத நிலையில் அசாமைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? தலையை ஆட்டிவிட்டு வரவேண்டியதுதான். அதோடு, மூன்று வருடத்துக்கு ஒரு தடவை என்பதால் அடுத்த மாநாடு 2028இல். பிள்ளையின் பட்டம் அதற்கு முன்னால் முடிந்துவிடவேண்டும், முடியாவிட்டால் வீட்டில் வேறு மாநாடு கூட்டிவிடுவார்கள்.

சரி, செலவு. சுவீடன் மாதிரி ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு மட்டும் இப்போது 90 யூரோ, விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்க விடமாட்டார்கள், கடைசி பதினைந்து நாளுக்குள்ளும் முடியாது. வங்கிக் கணக்குக் கூற்று, பல்கலைக்கழகக் கடிதம், தங்குமிடப் பதிவு என்று கோப்பு தடிக்கும். 2022 தொடக்கத்தில் இருநூறு ரூபா அளவில் இருந்த டொலர், ரூபாவை மிதக்கவிட்டபிறகு சில வாரங்களுக்குள் முந்நூற்றைம்பதைத் தாண்டியது நினைவிருக்கும். அந்த நேரத்தில் ஒரு வெளிநாட்டு மாநாட்டுக்குப் பதிவுக் கட்டணம் கட்டக் காத்திருந்தவன் நான். கட்டவில்லை, அந்தக் காசுக்குக் காஸ் சிலிண்டர் வரிசையில் நின்றேன்.

பிரித்தானியா வேறு கதை. அங்கே பொருளாதார வரலாற்றுச் சங்கம் 1926இல் தொடங்கியது, ஆண்டு மாநாடு வசந்தகாலத்தில், ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தில். புதிய ஆய்வாளர்களுக்கென்றே தனி அமர்வுகள் வைக்கிறார்கள், கலாநிதிப் பட்டத்துக்குப் படிப்பவர்கள், புதிதாக முடித்தவர்கள் அதில் வாசிப்பார்கள். முந்தைய வருடத்தின் பிற்பகுதியிலேயே சுருக்கம் போயிருக்கவேண்டும், ஆகவே அடுத்த மாதம் நடக்கப்போகும் மாநாட்டைக் கேள்விப்பட்டு ஓடுகிற வேலை நடக்காது. அங்கே வருகிறவர்களில் எண்களோடு வேலை செய்பவர்கள் நிறைய. கூலி எவ்வளவு, அரிசி விலை எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு கடன், எத்தனை வருடத் தொடர் உன்னிடம் இருக்கிறது என்பார்கள். மூன்று வருடம் என்றால் முகத்தைச் சுளிக்கமாட்டார்கள், ஆனால் அடுத்த கேள்வி கொஞ்சம் குறுகிவிடும். வலிக்கிற கேள்வி, தேவையான கேள்வியும்தான்.

ஆனால் பிரித்தானியாவுக்குப் போகச் சொல்வதற்கு என்னிடம் உள்ள உண்மையான காரணம் மாநாடு இல்லை, கியூ. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் குடியேற்ற நாட்டு அலுவலகக் கோப்புகள் இருக்கின்றன, அதில் சிஓ 54 என்ற வரிசை முழுக்க இலங்கையிலிருந்து ஆளுநர்கள் எழுதியதும் அதற்கு வந்த பதிலும். நோயால் கோப்பித் தோட்டங்கள் அழிந்த காலம், 1884இல் ஓரியன்டல் வங்கி விழுந்தபோது அதன் நாணயத்தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பேற்றது, ஒரு தோட்டத்து ஆட்களை இன்னொரு தோட்டம் இழுத்துக்கொள்கிற ஆள் கடத்தல் சண்டைகள், எல்லாம் அங்கே கடிதமாக இருக்கும். இரண்டு மூன்று நாள் மாநாட்டுக்கு மட்டும் விசா, டிக்கெட், தங்குமிடம் என்று செலவழித்துவிட்டு நாலாம் நாள் கட்டுநாயக்கவில் இறங்கினால் எனக்கு வயிறெரியும். ஒரு வாரம் கூட்டித் தங்கி சிஓ 54 பார்த்துவிட்டு வந்தால் அந்தச் செலவு செலவில்லை. மாநாட்டுக் கடிதம் இருந்தால் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை கேட்பதும் லேசு, வெறுமனே 'ஆவணம் பார்க்கப் போகிறேன்' என்றால் ஏன் இங்கே ஆவணம் இல்லையா என்று கேட்பார்கள்.

அம்மா விடுகிற இந்தியா. இந்திய வரலாற்றுக் காங்கிரஸ் 1935இல் பூனாவில் தொடங்கியது, வழக்கமாக டிசம்பர் கடைசியில் கூடும், ஆயிரக்கணக்கில் ஆட்கள். உறுப்பினராகச் சேர்ந்து கட்டுரை அனுப்பவேண்டும். பிரிவு பிரிவாக நடக்கும்: பண்டைய இந்தியா, இடைக்காலம், நவீன இந்தியா, தொல்லியல், அப்புறம் 'இந்தியா அல்லாத நாடுகள்' என்று ஒன்று. நம் பிள்ளையின் கட்டுரை எதில் போகும் என்று யோசித்துப் பாருங்கள். திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்தில் முற்பணம் வாங்கி இலங்கைக்குக் கப்பலேறுமுன் தங்கவைத்த மண்டபம் முகாமில் நிற்கிறவரைக்கும் அந்தக் குடும்பம் 'நவீன இந்தியா', தலைமன்னாரில் கால் வைத்தவுடன் 'இந்தியா அல்லாத நாடுகள்'. ஒரே குடும்பம், ஒரே கடன், இரண்டு அறை. எந்த அறைக்குப் போனாலும் பாதிப் பேருக்குப் பாதிக் கதை தெரியாது. கூட்டம் பெரிது என்பதால் ஒருவருக்குக் கிடைக்கிற நேரமும் கொஞ்சம், மணியடித்தால் இறங்கவேண்டியதுதான்.

அதனால் இந்தியா என்றால் நான் பெரிய கூட்டத்தைவிடச் சென்னையில் ஒரு சிறிய கருத்தரங்கைத்தான் சொல்வேன். அடையாறில் மால்கம் ஆதிசேஷய்யா 1971இல் தொடங்கிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, தமிழ்நாட்டுப் பொருளாதாரம், விவசாயம், இடப்பெயர்வு எல்லாம் கரைத்துக் குடித்தவர்கள் அங்கே புழங்குவார்கள். அந்த மாதிரி இடத்தில் பதினைந்து பேர் முன்னால் ஒரு மணிநேரம் பேசக் கிடைத்தால் காங்கிரஸில் பத்து நிமிடத்தைவிடப் பெறுமதி. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். அந்த ரோஜா முத்தையா செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர், ஆகவே கொழும்புச் செட்டியார் தெருவில் செட்டிமார் நடத்திய வட்டிக் கடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அங்கே போகாமல் திரும்பக்கூடாது. அனுமதிக் கடிதத்தை முன்கூட்டியே எழுதி ஒழுங்குபண்ணிக்கொண்டு போங்கள். இன்னொன்று, இதில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்: சுற்றுலா விசாவில் போய் மாநாட்டில் கட்டுரை வாசிப்பது சரியில்லை, இந்தியாவுக்கு மாநாட்டு விசா என்றே தனியாக ஒன்று இருக்கிறது. அமைப்பாளரின் அழைப்புக் கடிதத்தை முதலிலேயே கேட்டு வாங்கவேண்டும். விமானம் ஒன்றேகால் மணிநேரம்தான், ஆனால் கடிதம் வருவதற்கு ஒன்றேகால் மாதம் எடுத்த ஆட்களும் உண்டு.

இனி உள்ளூர். இதில் எனக்கு ஒரு புண் இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டே பேசுகிறேன். சில வருடங்களுக்கு முன்னால் இங்கே ஒரு பல்கலைக்கழக ஆய்வு மாநாட்டில் வாசித்தேன். எனக்கு முன்னால் வாசித்தவர் ஹோட்டல் வாடிக்கையாளர் திருப்தி, பின்னால் வந்தவர் தொலைபேசி வங்கிச்சேவை. நடுவில் நான், 1880களின் கோப்பித் தோட்டத்துக் கடனோடு. பன்னிரண்டு நிமிடம் என்றார்கள், எட்டில் மணியடித்தார்கள். தலைமை வகித்தவர் கேட்ட ஒரே கேள்வி: "உங்களுடைய மாதிரி அளவு எத்தனை?" எனக்கு ஒரு நிமிடம் என்ன கேட்கிறார் என்றே விளங்கவில்லை. 'இருந்தது ஒரு தோட்டம், சேர்' என்றேன். பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். அப்புறம் ரோல்ஸ், பட்டிஸ், ஒரு பையில் சேர்ட்டிபிகேட். கட்டுரையைப் பற்றி எனக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. எல்லா உள்ளூர் மாநாடும் இப்படி என்று சொல்லமாட்டேன். பொருளியல் ஆட்களே கூடுகிற மாநாடும் உண்டு, பல்கலைக்கழகப் பொருளியலாளர் மன்றம் ஒவ்வொரு பல்கலைக்கழகமாக மாற்றி மாற்றி நடத்துவது, அங்கே குறைந்தபட்சம் கடன் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் அங்கும் வரலாறு ஓரத்தில்தான் உட்காரும், மத்திய வங்கியும் பணவீக்கமும்தான் மேடையில்.

அதே கட்டுரையைப் பிறகு வெள்ளவத்தையில் ஒரு சின்ன மண்டபத்தில், தமிழில், முப்பது கதிரையில் இருபது நிறைந்த ஒரு கூட்டத்தில் பேசினேன். மாநாடும் இல்லை, ஒன்றும் இல்லை, மாதத்துக்கு ஒருமுறை கூடுகிற வாசகர் கூட்டம். பேசி முடித்ததும் பின்வரிசையில் இருந்து ஒரு ஐயா எழும்பினார், தோட்டத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளைச் சேட்டுப் பையில் இரண்டு பேனா. "தம்பி, நீங்க துண்டையும் பத்துச்சீட்டையும் ஒன்றாக்கிப்போட்டீங்க" என்றார். பத்துச்சீட்டு என்றால் ஆளை விடுவித்தாயிற்று, கடன் முடிந்தது, போகலாம். துண்டு என்றால் காசு கட்டினால் விடுவேன் என்ற வாக்கு மட்டும்தான். ஒன்று கதவு, மற்றது கதவுக்கு விலைச்சீட்டு. என்னுடைய அட்டவணையில் நான் இரண்டையும் ஒரே நிரலில் கூட்டி வைத்திருந்தேன். அவ்வளவு கூட்டலும் பிழை. வீட்டுக்கு வந்து இரவு இரண்டு மணிவரைக்கும் பிரித்துப் போட்டேன், மொத்தத்தில் மூன்றிலொரு பங்கு கடனே இல்லை என்று தெரிந்தது. அந்தக் கேள்வியை லுண்டிலும் கேட்டிருக்கமாட்டார்கள், கேம்பிரிட்ஜிலும் கேட்டிருக்கமாட்டார்கள், ஏனென்றால் அங்கே யாரும் பத்துச்சீட்டைக் கையில் பிடித்துப் பார்த்ததில்லை.

ஆகவே பிள்ளைக்கு நான் சொன்ன ஒழுங்கு இது. முதலில் இங்கே, தமிழில், சேர்ட்டிபிகேட் இல்லாத ஒரு கூட்டம், முடிந்தால் ஹட்டனிலேயே. சொல்லெல்லாம் அங்கே சரியாகட்டும். பிறகு சென்னையில் ஒரு சிறிய கருத்தரங்கு, எழும்பூர் ஆவணங்களோடு சேர்த்து, அம்மாவும் சம்மதிப்பார். அந்த இரண்டும் முடிந்து கடன் தொடரைப் பத்து வருடத்துக்காவது நீட்டியபிறகு பிரித்தானியாவின் புதிய ஆய்வாளர் அமர்வு. உலக மாநாட்டுக்குப் போகவேண்டுமென்றால் இப்போதே செய்யவேண்டியது கட்டுரை அனுப்புவதல்ல, மலாயா, அசாம் பற்றி எழுதுகிற இரண்டு மூன்று பேரைத் தேடி மின்னஞ்சலில் பழகுவது. 2028க்கு ஒரு அமர்வு அவர்களோடு சேர்ந்து போடலாம், பட்டம் அதற்குள் கையில் இருக்கும். சேருக்கு இது பிடிக்காது. சேரின் பதவி உயர்வுப் புள்ளிக்கு உலக மாநாடு ஒன்றில் கூட்டுப் பெயர் வந்தால் நல்லது, அது வேறு கணக்கு, அதில் பிழையுமில்லை, ஆனால் விசாவுக்கு 90 யூரோ கட்டப்போவது சேர் இல்லை.

சூமில் சேர்வதைப் பற்றியும் கேட்டார். பரவாயில்லை, ஆனால் நேரத்தைப் பாருங்கள். பிரித்தானியாவில் வசந்தகாலத்தில் பகல் இரண்டு மணி என்றால் நமக்கு மாலை ஆறரை, அது சுகம். அமெரிக்காவின் மடிசனில் ஒக்டோபரில் நடக்கும் தெற்காசிய மாநாடு மாதிரி ஒன்றில் பகல் இரண்டு மணி என்றால் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. வீட்டில் எல்லோரும் தூங்க, சமையலறை மேசையில் இருந்து கிசுகிசுத்துக் கட்டுரை வாசித்த அனுபவம் எனக்கு உண்டு. கேள்வி நேரத்தில் பக்கத்து வளவு நாய் குரைத்தது. தேநீர் இடைவேளையில் வருகிற பேச்சுத்தான் மாநாட்டின் பாதி, அது சூமில் கிடையாது.

போலி மாநாடுகளைப் பற்றி ஒரு பந்தி எழுதாமல் விடமுடியாது, ஏனென்றால் பிள்ளையின் கையடக்கத் தொலைபேசியில் அப்படி இரண்டு அழைப்பு இருந்தது. கலைத்துறையும் பொறியியலும் மருத்துவமும் ஒரே மாநாட்டில், ஒரே நாளில், ஒரு ஹோட்டலில். சுருக்கம் அனுப்பி மறுநாளே ஏற்றுக்கொண்டோம் என்று பதில். அமர்வுக்குத் தலைமை யார் என்று பெயரில்லை, வராமலே கட்டணம் கட்டினால் வெளியிடுவோம் என்று ஒரு வரி. இதில் இரண்டு இருந்தாலே அழித்துவிடுங்கள். பட்டப்பின்படிப்பு மாணவரின் காசை இப்படி டொலரில் உறிஞ்சுகிறவர்கள் மேல் எனக்குப் பழைய கங்காணிமேல் வருவதைவிடக் கோபம் வருகிறது, கங்காணி கடன் கொடுத்துவிட்டாவது பிடித்தார்.

முந்தாநாள் இரவு பிள்ளை சுருக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார், சென்னைக்கு. முந்நூறு சொல் கேட்டிருந்தார்கள், முந்நூற்று நாற்பது இருந்தது. 'இவ்வாய்வானது ஆராய முயல்கின்றது' என்று தொடங்கிய முதல் இரண்டு வாக்கியத்தையும் வெட்டிவிட்டு, கணக்குப் புத்தகத்தில் இருந்த அந்த ஒரு துண்டின் தொகையோடு தொடங்கச் சொன்னேன். "அப்படித் தொடங்கலாமா அண்ணா, சேர் திட்டமாட்டாரா?" என்றார். சேரிடம் நாளைக்குக் காட்டுகிறார்.